கட்சியின் வாக்கும் மக்களின் வாக்கும்

1946-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்களில் இறைச்சிக் கடைகள் வெறுமையாகக் கிடந்தன. யுத்தம் முடிந்து ஓராண்டு கடந்த பின்னும் அரசாங்கம் வைத்திருந்த விலைக் கட்டுப்பாட்டை விரும்பாத கால்நடைப் பண்ணையாளர்கள் தங்கள் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டமையால், கையில் பணமிருந்தும் வாங்குவதற்கு மாமிசமின்றிக் குடும்பத் தலைவிகள் வெறுங்கூடையோடு திரும்பிய அந்நாட்களில், ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் 14-ஆம் தேதி இரவு வானொலியில் பேசி, மாமிசத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்குவதாக அறிவித்தார். தேர்தலுக்கு மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. எதிர்க்கட்சியாகிய குடியரசுக் கட்சி நீண்ட அறிக்கைகளை நம்பாமல், ‘பட்டது போதாதா?’ என்று பொருள்படும் இரண்டே ஆங்கிலச் சொற்களை நாடெங்கும் முழக்கிற்று. ஆளுங்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியோ, உயிரோடிருந்த தன் ஜனாதிபதியைப் பிரசார மேடையிலிருந்து விலக்கிவைத்து, முந்திய ஆண்டே காலமாகிவிட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குரற்பதிவுகளை வானொலியில் ஒலிக்கச் செய்தது. மறைந்தவரின் குரலால் கடையில் மாமிசம் வந்து சேர்ந்துவிடவில்லை. பிரதிநிதி சபையில் 55 ஸ்தானங்களை இழந்து, காங்கிரஸின் இரு சபைகளையும் அக்கட்சி எதிரியிடம் ஒப்படைத்தது.

தோற்ற கட்சி தன் நாவைக் குற்றஞ்சாட்டுவது அந்நாட்டில் நெடுநாளாகப் பழகிப்போன வழக்கம். ‘நாம் செய்த காரியங்கள் நல்லவை, அவற்றை எடுத்துச் சொல்லும் விதத்தில்தான் தவறினோம்’ என்பது ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் கேட்கும் சமாதானம். தமிழில் சொல்லுக்கும் வாக்கு என்றே பெயர்; தேர்தலில் குடிமகன் இடும் சீட்டுக்கும் வாக்கு என்றே பெயர். கட்சியின் வாக்கு திருந்தினால் மக்களின் வாக்கு திரும்பிவிடுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அமெரிக்க இடைக்காலத் தேர்தல்களில், சிறப்பாக ஜனநாயகக் கட்சியின் அநுபவத்தில், அதற்கு விடை தேடுவோம்.

விதியும் விலக்குகளும்

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இடைக்காலத் தேர்தல் என்றால், 1971-இல் நிகழ்ந்ததைப் போல, சபை தன் ஆயுள் முடியுமுன் கலைக்கப்பட்டு நடைபெறும் தேர்தலையே கருதுவோம். அமெரிக்காவில் அது எதிர்பாராமல் வருவதன்று. ஜனாதிபதியின் நான்காண்டுப் பதவிக் காலத்தின் நடுவே, நவம்பர் மாதத்து முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று, தவறாமல் வருவது. பிரதிநிதி சபையின் 435 உறுப்பினர்களும், நூறு பேர் கொண்ட செனட் சபையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரும் அன்று மக்கள் முன் நிற்கின்றனர். ஜனாதிபதியின் பெயர் வாக்குச்சீட்டில் இராது. ஆயினும் தீர்ப்பு பெரும்பாலும் அவர்மீதுதான்.

1934 முதல் 2022 வரை நடந்த 23 இடைக்காலத் தேர்தல்களில் 20 தடவை ஜனாதிபதியின் கட்சி பிரதிநிதி சபையில் ஸ்தானங்களை இழந்திருக்கிறது. இதன் காரணத்தை ஆராய்ந்த அறிஞர்கள் பலவாறு கூறினர். ஜனாதிபதித் தேர்தலின் ஆரவாரத்தில் திரண்டு வந்த கூட்டம் ஈராண்டில் வடிந்துவிடுவதே காரணமென்று 1960-இல் ஆங்கஸ் காம்ப்பெல் எழுதினார். ஜனாதிபதியின் செல்வாக்கையும் மக்களின் மெய்வருமானத்தில் நேர்ந்த மாற்றத்தையும் அறிந்தால் முடிவைப் பெரும்பாலும் கணித்துவிடலாமென்று 1975-இல் எட்வர்ட் டஃப்டி காட்டினார். திருப்தியுற்றவன் வீட்டிலிருக்க, மனக்குறையுற்றவனே சாவடிக்கு வருகிறானென்பது சாமுவேல் கெர்னலின் கருத்து. அதிகாரத்தை ஒரு கையில் குவியவிடாமல் சமன்செய்யவே வாக்காளர் எதிர்ப்பக்கம் சாய்கின்றனரென்று கூறியவர்களும் உளர். இவற்றுள் எதனை ஏற்றாலும், மேடைப்பேச்சுக்கு அதில் ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் மிகச் சிறிதென்பதைக் காணலாம்.

எஞ்சிய மூன்று விலக்குகளும் இதையே வேறு முகத்தால் கூறுகின்றன. 1934-இல் பெருமந்தத்தின் நடுவில் மக்கள் ரூஸ்வெல்ட்டின் நிவாரண வேலைகளைக் கண்ணாரக் கண்டிருந்தனர். 1998-இல் வேலைவாய்ப்பு செழித்திருந்த வேளையில், ஜனாதிபதி கிளிண்டனைப் பதவி நீக்க முனைந்த குடியரசுக் கட்சியின் ஆவேசம் மிகையென்று தோன்றியது. 2002-இல் நியூயார்க்கின் கோபுரங்கள் வீழ்ந்து ஓராண்டே கடந்திருந்தது. மூன்றிலும் கட்சி பேசுமுன்பே காலம் பேசியிருந்தது.

ஒரு சட்டம், இரு தேர்தல்கள்

சொல்லின் எல்லையையும் அதன் வலிமையையும் ஒருங்கே காட்டும் உதாரணம் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். ஒரே சட்டம் ஒரே கட்சியை ஒரு தேர்தலில் கவிழ்த்து, எட்டு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு தேர்தலில் தூக்கிவிட்டது.

2009-இல் பதவியேற்றபோது ஒபாமாவுக்குக் கிடைத்த சொத்து, முந்தியவர் விட்டுச்சென்ற பொருளாதார வீழ்ச்சி. அவ்வாண்டு பிப்ரவரியில் 787 பில்லியன் டாலர் மதிப்புள்ள ஊக்கத் திட்டம் சட்டமாயிற்று. அதில் உழைப்போரில் பெரும்பாலோருக்கு 400 டாலர் வரையிலான வரிச் சலுகை அடங்கியிருந்தது. மொத்தமாகக் கொடுத்தால் மக்கள் சேமித்துவைத்துவிடுவர், சிறிது சிறிதாகச் சம்பளத்தில் சேர்த்தால் தம்மையறியாமல் செலவிடுவர் என்னும் பொருளியல் தர்க்கத்தை நம்பி, அச்சலுகையைச் சம்பளப் பிடித்தத்தைக் குறைப்பதன் வழியாக வழங்கினர். தர்க்கம் பிழையற்றது, ஆனால் மக்கள் அறியாதபடி செய்த உபகாரத்துக்கு நன்றியை எதிர்பார்ப்பது எங்ஙனம்? 2010 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக் கணிப்பில், ஒபாமா வரியைக் குறைத்தாரென்று சொன்னவர்கள் 100-க்கு 12 பேரே.

அதன்பின் 2010 மார்ச் 23-ஆம் தேதி கையொப்பமான காப்பீட்டுச் சட்டத்தின் கதையும் அத்தகையதே. ஏற்கெனவே நோயுற்றிருப்பவரைக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்கக்கூடாது என்பது முதலான அதன் முக்கிய ஷரத்துகள் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே 2010-இல் வாக்காளன் முன் நின்றவை நுகர்ந்தறியாத ஒரு வாக்குறுதியும், முதியோரின் உயிரை நிறுத்தும் குழுக்கள் வரப்போகின்றனவென்று எதிர்த்தரப்பு கிளப்பிய வதந்தியுமே. ஒபாமா மேடைக்கு மேடை, எதிரிகள் காரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு இப்போது சாவியைத் திரும்பக் கேட்கிறார்களென்னும் உவமையைச் சாதுர்யமாகச் சொன்னார்; கூட்டம் சிரித்தது. வேலையில்லாதோர் விகிதம் 9 சதவீதத்துக்கு மேல் நின்ற நாட்டில், கார் இன்னும் பள்ளத்திலிருந்து ஏறவில்லையென்பதே கேட்டவன் அறிந்த உண்மை. கட்சி 63 ஸ்தானங்களை இழந்தது. ஈராண்டுக்குப் பின் ஒபாமா, கொள்கையைச் சரியாக வகுத்தால் போதுமென்று எண்ணி, மக்களுக்கு ஒரு கதையாக அதை எடுத்துரைக்கத் தவறியதே தம் முதற்பருவத்தின் பிழையென்று ஒப்புக்கொண்டார். மிகச் சிறந்த நாவன்மையாளரெனப் பெயர்பெற்ற ஒருவர் தம் நாவையே குறைகூறினாரென்பது சிந்திக்கத்தக்கது.

2017-இல் காட்சி மாறியது. டிரம்ப்பின் குடியரசுக் கட்சி அச்சட்டத்தை அழிக்க முயன்று, ஜூலை மாத இறுதியில் செனட்டர் ஜான் மெக்கெயினின் ஒரு வாக்கால் தோற்றது. அதற்குள் இலட்சக்கணக்கான குடும்பங்கள் அச்சட்டத்தின் நிழலில் மருத்துவம் பெற்றுவிட்டன. நோயுற்ற பிள்ளையுடைய தாய்க்கு, காப்பீடு பறிபோகக்கூடுமென்பதை விளக்க உவமை எதற்கு? 2018-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் வேறெதையும்விட இதனையே அதிகமாகப் பேசி 40 ஸ்தானங்களைக் கூடுதலாக வென்றனர். தகுதியுள்ளோரில் ஏறக்குறைய பாதிப்பேர் வாக்களித்தனர். 1914-க்குப் பின் இடைக்காலத் தேர்தல் எதிலும் இத்துணைப்பேர் திரளவில்லை. 2010-இல் ஒபாமாவின் நாவுக்கு வசப்படாதது, 2018-இல் அவரினும் எளிய பேச்சாளர்களுக்கு வசப்பட்டதேன்? சட்டத்தின் வாசகம் பெரும்பாலும் மாறவில்லை; மாறியது கேட்பவனின் அநுபவம். முன்னது வரப்போகும் நன்மை, பின்னது வந்த நன்மை. அன்றியும், பெறப்போவதன் ஆசையினும் இழக்கப்போவதன் அச்சம் மனிதனை எப்போதும் விரைவாகச் சாவடிக்கு நடத்துகிறது.

கோஷங்கள் யாருக்காக?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 1994-இல் நியூட் கிங்ரிச் தலைமையில் குடியரசுக் கட்சி ‘அமெரிக்காவுடன் ஒப்பந்தம்’ என்னும் பத்து அம்சத் திட்டத்தை வகுத்து, செப்டம்பர் 27-ஆம் தேதி காங்கிரஸ் மாளிகையின் படிகளில் முந்நூறுக்கு மேற்பட்ட வேட்பாளர்களைக் கையொப்பமிடச் செய்து, 54 ஸ்தானங்களைக் கூடுதலாகப் பெற்று, நாற்பதாண்டுகளாக எட்டாதிருந்த பிரதிநிதி சபையைக் கைப்பற்றியதே. அது சொல்லின் வெற்றியன்றோ? அதற்கு முன்பே, 1990-இல், எதிரிகளைக் குறிக்க எந்தெந்தச் சொற்களை ஆள வேண்டுமென்று பட்டியலிட்ட குறிப்பேடொன்றும் அக்கட்சி வேட்பாளர்களிடையே சுற்றில் விடப்பட்டிருந்தது.

ஆனால் அக்காலத்துக் கருத்துக் கணிப்புகளின்படி, வாக்காளரிற் பெரும்பாலோர் அவ்வொப்பந்தத்தைப் பற்றிக் கேள்விப்படவேயில்லை. கிளிண்டனின் வரி உயர்வும், தோற்றுப்போன அவரது மருத்துவத் திட்டமும் அவர்களை முன்னரே வெறுப்படையச் செய்திருந்தன. பின் அவ்வொப்பந்தத்தால் பயன் என்னவெனில், வேட்பாளர் முந்நூறு பேரையும் ஒரே பாட்டைப் பாடவைத்தமையும், வென்றபின் தமக்கு ஆணை கிடைத்ததென்று சொல்லிக்கொள்ள இடந்தந்தமையுமே. கோஷம் கட்சிக்காரருக்கானது, வாக்காளனிடம் அது சென்று சேர்வது அபூர்வம். 2017-இல் ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் தலைவர்களான பெலோஸியும் ஷூமரும் வர்ஜீனியாவின் பெர்ரிவில் என்ற சிற்றூருக்குச் சென்று ‘மேலான பேரம்’ என்றதொரு கோஷத்தை வெளியிட்டனர். மறு ஆண்டு கட்சி பெருவெற்றி பெற்றது. அக்கோஷத்தை அன்றே பலர் மறந்துவிட்டனர். கோஷம் அறியப்படாமலே ஒரு கட்சி 1994-இலும் மற்றொரு கட்சி 2018-இலும் வென்றனவெனில், வெற்றியின் வேரை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

ஒரே நாள், பல தீர்ப்புகள்

2022-ஆம் ஆண்டின் தேர்தல் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் உதவுவது. பைடனின் அரசாங்கம் 2021 மார்ச்சில் 1.9 டிரில்லியன் டாலர் மீட்புத் திட்டத்தை நிறைவேற்றி, பெரும்பாலான குடிமக்களுக்கு 1,400 டாலர் வீதம் வழங்கியது. குழந்தைகளுக்கான வரிச் சலுகையை அவ்வாண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்தியது. இது மக்கள் கண்டறிந்த உதவியே. ஆனால் அரையாண்டில் நின்றுவிட்டது. அதைத் தொடரவிருந்த பெருந்திட்டமோ, எதைச் செய்யும் என்பதைக் காட்டிலும் எத்தனை டிரில்லியன் என்பதாலேயே பத்திரிகைகளில் அறியப்பட்டு, மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜோ மான்சின் மறுத்தமையால் டிசம்பரில் முறிந்தது. பெற்றதைப் பறிகொடுத்தவனிடம், கொடுத்தவனென்று சொல்லிக்கொண்டு செல்வது எளிதன்று.

பின்னர் விலைவாசி ஏறியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தை எட்டியது. நாற்பதாண்டுகளில் அது உச்சம். உக்ரைன் யுத்தத்தைக் காட்டி ‘புட்டினின் விலையேற்றம்’ என்றார் பைடன். சுருங்கிய வடிவில் மீண்டுவந்த திட்டத்துக்குப் பணவீக்கக் குறைப்புச் சட்டமென்று பெயரிட்டனர். முதற்சொல் பழியை மாற்ற முயன்றது, இரண்டாவது பெயரளவில் பரிகாரம் தேடியது; பெட்ரோல் நிலையத்தில் விலைப்பலகையைப் பார்த்தவன் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. கட்சி பெரும் வீழ்ச்சியடையுமென்று யாவரும் எதிர்பார்த்தனர்.

ஜூன் 24-ஆம் தேதி உச்சநீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைக்கு அரைநூற்றாண்டாக இருந்த அரசியற்சட்டப் பாதுகாப்பை நீக்கியது. ஆகஸ்டில், பழமைப் பற்றுக்குப் பேர்போன கான்ஸாஸ் மாநிலத்தில், அவ்வுரிமையை மாநில அரசியற்சட்டத்திலிருந்தும் அகற்றும் திருத்தத்தை ஏறக்குறைய 59 சதவீதத்தினர் நிராகரித்தனர். முடிவில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதி சபையில் இழந்தது 9 ஸ்தானங்களே. செனட் சபையில் ஒன்றைக் கூடுதலாகவும் பெற்றது.

இதைவிடக் கவனிக்கத்தக்கது, நாடெங்கும் தீர்ப்பு ஒரே தன்மையதாயிராமை. மிச்சிகனில் கருக்கலைப்பு உரிமை அதே வாக்குச்சீட்டிலேயே கேள்வியாக நின்றது. அங்கே அக்கட்சி மாநிலச் சட்டசபையின் இரு அவைகளையும் ஏறக்குறைய நாற்பதாண்டுகளுக்குப் பின் வென்றது. நியூயார்க்கில் அவ்வுரிமைக்கு ஆபத்து வருமென்று எவரும் உணரவில்லை; குற்றங்களைப் பற்றிய அச்சமே மேலோங்கியிருந்தது. அங்கே பல ஸ்தானங்கள் பறிபோயின. பிரதிநிதி சபைத் தேர்தலுக்கான கட்சியின் பிரசாரக் குழுத் தலைவராயிருந்த ஷான் பாட்ரிக் மலோனியே தம் தொகுதியில் தோற்றார். நாட்டுக்கெல்லாம் என்ன சொல்லவேண்டுமென்று வகுத்தளித்தவருக்குத் தம் அண்டை வீட்டார் என்ன உணர்கிறார்களென்பது கைகூடவில்லை. ஒரே கட்சி, ஒரே நாள், ஒரே தலைமையகத்துச் செய்தி. எங்கே அது குடும்பத்தின் கவலையோடு பொருந்தியதோ அங்கே பலித்தது, பொருந்தாத இடத்தில் வீணாயிற்று.

பல நாவுடைய கட்சி

இவ்வளவும் சொன்னபின், சொல்லுக்குக் குற்றமேயில்லையென்று முடித்துவிடுதல் நேர்மையாகாது. ஜனநாயகக் கட்சியின் நா குழறுவதற்கு அதன் அமைப்பிலேயே காரணமுண்டு. தெற்கின் கறுப்பின மக்கள், தொழிற்சங்கத்தினர், பட்டம் பெற்ற புறநகர்வாசிகள், டெக்ஸாஸ் எல்லையின் ஸ்பானிய வழித் தொழிலாளர் என வாழ்க்கையால் வேறுபட்ட கூட்டங்களைக் கொண்டது அது. தாம் ஒழுங்குபட்ட கட்சி எதையும் சேர்ந்தவரல்லர், ஜனநாயகக் கட்சிக்காரரென்று நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் சொன்னதாக வழங்கும் பரிகாசம் இன்றும் பழசாகிவிடவில்லை. 2020-இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர் காவலர் கையால் கொல்லப்பட்டபின், காவல் துறைக்கு நிதியை நிறுத்துக என்று தெருவில் எழுந்த கோஷத்தைக் கட்சியின் வேட்பாளர் மிகச்சிலரே ஏற்றனர். ஆயினும் அதன் பாரத்தை யாவரும் சுமக்க நேர்ந்தது. வர்ஜீனியாவில் மயிரிழையில் தப்பிய பிரதிநிதி அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் அவ்வாண்டு நவம்பரில் சகாக்களிடம் இதைக் குறித்துக் கடிந்து பேசினார். 2025 ஆகஸ்டில் ‘தேர்ட் வே’ என்னும் மிதவாத அமைப்பு, சர்வகலாசாலை வாடை வீசுவதால் கட்சியினர் தவிர்க்கவேண்டிய சொற்களென்று ஒரு பட்டியலே வெளியிட்டது. 1990-இன் பட்டியல் எதிரியை எவ்வாறு ஏசுவதென்று கற்பித்தது. 2025-இன் பட்டியல் தன்னை எவ்வாறு அடக்கிக்கொள்வதென்று கற்பித்தது.

தம் செய்தியைச் சுமந்து செல்லப் பத்திரிகைகளும் ஒலிபரப்புகளும் இல்லையென்பது அவர்களின் மற்றொரு முறையீடு. ஒலிபரப்பாளர் எதிர்க்கருத்துக்கும் இடந்தரவேண்டுமென்ற சமநோக்கு விதி 1987-இல் நீக்கப்பட்டது முதல் வலதுசாரி வானொலியும், 1996-இல் தொடங்கிய ஃபாக்ஸ் தொலைக்காட்சியும் எதிரிக்குப் பெருந்துணையாயின என்பது மெய்யே. ஆனால் அவை இருந்துகொண்டிருக்கும்போதுதான் 2006-இலும் 2018-இலும் ஜனநாயகக் கட்சி சபையை வென்றது. கெட்ட பாஷை ஒரு கட்சிக்கு நஷ்டத்தைக் கூட்டலாம். எதிரியின் ஒலிபெருக்கி அந்த நஷ்டத்தைப் பெரிதாக்கலாம். நெருக்கமான தொகுதிகளில் அவ்வளவே தோல்விக்குப் போதுமானதாகவும் ஆகலாம். எனினும் நல்ல பாஷை மட்டும் வெற்றியைத் தந்ததற்கு உதாரணம் காண்பது அரிது.

2026-ஐ நோக்கி

2026 நவம்பர் 3-ஆம் தேதிக்குரிய தேர்தலில் ஜனநாயகக் கட்சி நிற்கும் இடம் வேறு. இம்முறை ஆட்சி டிரம்ப்பினுடையது. இடைக்கால விதி அக்கட்சிக்குச் சாதகம். 2024-இல் குடியரசுக் கட்சிக்கு 220, இவர்களுக்கு 215 எனப் பிரதிநிதி சபை அமைந்தமையால், பெரும்பான்மைக்குத் தேவையான 218-ஐ எட்ட மூன்று ஸ்தானங்களே குறைவு. செனட் சபையில் 53-க்கு 47 என்றிருப்பதால் நான்கு வேண்டும், அது கடினம். டெக்ஸாஸ் 2025-இல் தொகுதி எல்லைகளைக் குடியரசுக் கட்சிக்கு ஐந்து ஸ்தானங்கள் சேருமாறு மாற்ற, கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அதே அளவில் எதிர்மாற்றம் செய்தமையால், இக்கணக்கும் நிலையானதன்று.

விசித்திரம் யாதெனில், சாதகமான இக்காலத்தில்தான் கட்சியின் நற்பெயர் மிகத் தாழ்ந்தது. 2025 மார்ச்சில் வெளியான சி.என்.என். கணிப்பில் அதை நல்லெண்ணத்தோடு நோக்கியவர் 29 சதவீதமே. அவ்வாண்டு நவம்பரிலோ வர்ஜீனியாவில் அதே ஸ்பான்பெர்கரும், நியூஜெர்ஸியில் மிக்கி ஷெரிலும் கவர்னர்களாகவும், நியூயார்க் நகரத்தில் ஸோரான் மம்தானி மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்னிருவர் மிதவாதிகள், மூன்றாமவர் சோஷலிஸ்ட். சித்தாந்தத்தில் ஒருவருக்கொருவர் எட்டாதவர்கள். ஷெரில் மின்கட்டணத்தையும் மம்தானி வீட்டு வாடகையையும் பேசினர். ஸ்பான்பெர்கரின் பேச்சும் குடும்பச் செலவையே சுற்றி வந்தது. தலைமையகம் வகுக்காத செய்தி, மூன்று இடங்களில் மூன்று தொனிகளில், மளிகைக் கடையிலிருந்தே புறப்பட்டது. நற்பெயரிழந்த கட்சியும் ஆட்சியின் மீதுள்ள அதிருப்திக்கு வாயிலாக நின்று வெல்லலாமென்பதை இது காட்டுகிறது.

ஆயினும் அவ்வெற்றியை நம்பிக்கையென்று எண்ணுதல் தகாது. 1946, 1994, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இடைக்காலத்தில் பெருவெற்றி கண்ட குடியரசுக் கட்சி, அடுத்து வந்த ஜனாதிபதித் தேர்தலில் தோற்றது. முதலாவதன் கதையோடு இக்கட்டுரையை முடிக்கலாம்.

1946-இல் எவரும் கேட்க விரும்பாத அதே ட்ரூமன், தட்டையான அதே குரலோடு, 1948-இல் ரயிலின் பின்மேடையிலிருந்து ஊர் ஊராகப் பேசினார். இடையில், வென்ற எதிர்க்கட்சியின் காங்கிரஸ், உழவர்களின் தானியத்துக்கு அரசாங்கச் சேமிப்புக் கிடங்குகள் கிடைப்பதைச் சுருக்கிவிட்டிருந்தது. அவ்வாண்டு விளைச்சல் மிகுந்து மக்காச்சோளத்தின் விலை இறங்க, சேமிக்க இடமின்றி உழவர்கள் திகைத்தனர். செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் டெக்ஸ்டர் என்னுமிடத்தில், உழவுப் போட்டி காணத் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன் ட்ரூமன் அந்தக் கிடங்குகளைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தானியம் அவர்களுடைய முற்றத்தில் கிடந்தது. நவம்பரில் அயோவா அவருக்கு வாக்களித்தது; கட்சி பிரதிநிதி சபையில் 75 ஸ்தானங்களை மீட்டது.